மலிவு விபிஎஸ் சலுகையை எடைபோடுவது எப்படி?

நவம்பர் வந்தால் 11.11, பிளாக் ஃபிரைடே, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 12.12 என்று சர்வர் வாடகைச் சலுகைகள் குவியும். பிரிக்பீல்ட்ஸில் நான்கு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவில் ஒரு வருடத்துக்கு விபிஎஸ் தருகிறோம் என்பார்கள். அவற்றில் உண்மையிலேயே நல்லவை உண்டு. ஆறு மாதத்தில் காணாமல் போகிறவையும் உண்டு. விளம்பரத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

சாலாக் செலாத்தானில் வீட்டிலிருந்தே டியூஷன் வகுப்பு நடத்துகிறவர், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை வைத்திருக்கிறவர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒரே விதிதான்: எந்த நாளிலும் விட்டுவிட்டு வெளியேறக்கூடிய வகையில் வாங்குங்கள்.

வாங்கும் முன்: உங்களுக்கு விபிஎஸ் தேவையா?

ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினிபோல வாடகைக்கு விடுவதுதான் விபிஎஸ். ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரம் உங்கள் கையில் இருக்கும். பழுதுபார்க்கும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும். நள்ளிரவில் தரவுத்தளம் நின்றுபோனால் நிறுவனத்தார் எழுந்து வரமாட்டார்கள்.

முகவரி, தொலைபேசி எண், நான்கு படங்கள் மட்டும் உள்ள தளத்துக்கு, நிறுவனமே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கே போதும். இணையவழி விற்பனை, மாணவர் பதிவு, சொந்தமாக எழுதிய மென்பொருள் என்று ஏதாவது இருந்தால் மேலே படியுங்கள்.

படி 1: தேவையை எழுதி வையுங்கள்

விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்பே எழுதுங்கள். பார்த்த பிறகு எழுதினால், சலுகைக்கு ஏற்றபடி தேவை வளைந்துவிடும்.

1. நினைவகம்: கூட்டம் குறைந்த ஒரு வேர்ட்பிரஸ் தளத்துக்கு 1 ஜிபி. வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருள் சேர்ந்தால் 2 ஜிபி. 512 எம்பி சர்வரில் தரவுத்தளத்தையும் வலைச் சர்வரையும் சேர்த்து ஓட்டினால், நினைவகம் தீர்ந்து தரவுத்தளம் அடிக்கடி நிற்கும்.
2. வட்டு: இப்போதுள்ள கோப்புகளின் அளவைப்போல மூன்று மடங்கு.
3. தரவுப் போக்குவரத்து: ஒரு பக்கம் சராசரியாக 2 எம்பி என்றால், 1 டிபியில் 5 லட்சம் முறை பக்கத்தைத் திறக்கலாம். சிறுகடைக்கு இது தாராளம். ‘வரம்பற்ற போக்குவரத்து’ என்ற சொல்லுக்கு மயங்கிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 2: விளம்பரத்தைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

*கேவிஎம்மா, ஓபன்விஇசட்டா?* இவை ஒரு கணினியைப் பங்கு பிரிக்கும் இரண்டு முறைகள். கேவிஎம் என்றால் இயக்குதளத்தின் கருவான கெர்னல் உங்களுக்கென்று தனியாகக் கிடைக்கும். மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் முதலியவை தடையின்றி ஓடும். ஓபன்விஇசட்டில் எல்லா வாடிக்கையாளரும் ஒரே கெர்னலைப் பகிர்கிறார்கள். அதன் 6ஆம் பதிப்புக்கான ஆதரவு 2019 நவம்பரில் முடிந்தது. இன்னும் அதை விற்கிறவரிடம் என்ன விலையானாலும் வாங்காதீர்கள்.

*எந்தச் செயலி?* ‘4 கோர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் தெரியாது. ‘சியோன் ஈ5’ என்று இருந்தால் அந்த வரிசையின் கடைசிப் பதிப்பே 2016இல் வந்தது என்பதை நினைவில் வையுங்கள். பழைய செயலி தன்னளவில் குற்றமில்லை. அதன் விலை பழைய விலையாக இருக்க வேண்டும்.

*எந்த முகவரி?* ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு ஐபிவி4 முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏப்னிக், தன் கடைசித் தொகுதிக்கு 2011 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அதனால் மிக மலிவான திட்டங்களில் ஐபிவி6 மட்டும் தருவார்கள். அல்லது ஒரே ஐபிவி4 முகவரியைப் பலருக்குப் பங்கிட்டு ‘நாட்’ விபிஎஸ் என்பார்கள். பொதுமக்கள் வரும் தளத்துக்குத் தனி ஐபிவி4 முகவரி வேண்டும். விலையில் அது அடங்குமா என்று பாருங்கள்.

*எத்தனை விழுக்காடு இயக்கநேரம்?* 99.9 விழுக்காடு என்றால் 30 நாளில் 43 நிமிடம் நிற்கலாம். 99 விழுக்காடு என்றால் 7 மணி 12 நிமிடம். வாக்குறுதி மீறப்பட்டால் பெரும்பாலும் நின்ற நேரத்துக்கான வாடகைதான் கழிக்கப்படும். மாதம் 20 ரிங்கிட் சர்வர் ஒரு முழு நாள் நின்றால் 67 சென். தீபாவளிக்கு முந்தைய வார விற்பனை அன்று போனால் அதை யாரும் ஈடுகட்டமாட்டார்கள்.

படி 3: உண்மை விலையைக் கணக்கிடுங்கள்

பலரும் தவறுவது இந்தப் படியில்தான். ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். விளம்பரம் ‘மாதம் 2.50 டாலர்’ என்கிறது. டாலர் 4 ரிங்கிட் 20 சென் என்று கொண்டால் 10 ரிங்கிட் 50 சென். சிறிய எழுத்தில் உள்ளதைச் சேருங்கள்:

1. மூன்று வருட வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும்: 90 டாலர்.
2. ஐபிவி4 முகவரிக்கு மாதம் 1 டாலர்: 36 டாலர்.
3. தானியங்கிக் காப்புநகலுக்கு வாடகையில் 20 விழுக்காடு: 18 டாலர்.
4. சேவை வரி 8 விழுக்காடு: 11.52 டாலர்.

மொத்தம் 155.52 டாலர், அதாவது சுமார் 653 ரிங்கிட். வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம் இதற்கு மேல். மாதக் கணக்கில் 18 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. அதைவிட முக்கியம், 653 ரிங்கிட்டும் முதல் நாளே உங்கள் கையை விட்டுப் போகிறது.

பக்கத்தில் இன்னொரு திட்டம்: மாதம் 5 டாலர், முகவரி அடக்கம், காப்புநகலுக்கு 1 டாலர், மாதாமாதம் கட்டலாம். வரியோடு 6.48 டாலர், சுமார் 27 ரிங்கிட். சர்வர் பிடிக்காவிட்டால் இழப்பு அந்த 27 ரிங்கிட் மட்டுமே. கடை நடத்துகிறவருக்கு இரண்டாவதுதான் மலிவு.

வரியைப் பற்றி ஒரு குறிப்பு. வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னிலக்கச் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதித்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. சுங்கத்துறையிடம் பதிவுசெய்த நிறுவனங்கள் கடைசிப் பக்கத்தில்தான் இதைச் சேர்த்துக் காட்டும்.

குறிப்பு: புதுப்பிப்பு விலையைத் தனியாகத் தேடுங்கள். ‘முதல் தவணைக்கு மட்டும்’ என்ற சொற்கள் இருந்தால், அடுத்த தவணை விலை என்னவென்று விற்பனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சர்வர் எங்கே இருக்கிறது?

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நமக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிவினாடிக்குக் குறையவே முடியாது. வழியில் சுற்றுவதால் நடைமுறையில் இன்னும் கூடும். ஒரு பாதுகாப்பான பக்கம் திறப்பதற்குள் இப்படிப் பலமுறை போய்வர வேண்டும். அதனால்தான் அமெரிக்க சர்வரில் உள்ள கடை, எவ்வளவு வேகமான செயலி இருந்தாலும், கிள்ளானில் உள்ள வாடிக்கையாளருக்கு மந்தமாகத் தெரிகிறது. சிங்கப்பூர் சாலாக் செலாத்தானிலிருந்து நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர்தான். நல்ல இணைப்பில் 10 மில்லிவினாடி அளவில் பதில் வந்துவிடும்.

உள்நாட்டுத் தரவு மையங்கள் உள்ள சைபர்ஜெயா இன்னும் அருகில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆனால் அருகில் இருப்பது மட்டும் போதாது. உள்நாட்டு இணைப்புகள் ஒன்றோடொன்று நேரடியாகத் தரவு மாற்றிக்கொள்ள 2006இல் மைஐஎக்ஸ் என்ற பரிமாற்ற மையம் தொடங்கப்பட்டது. உங்கள் சர்வர் நிறுவனம் அதிலோ, உங்கள் வாடிக்கையாளரின் இணைப்பு நிறுவனத்தோடோ நேரடியாக இணையாவிட்டால், சைபர்ஜெயாவிலிருந்து சாலாக் செலாத்தானுக்கு வரும் தரவு வெளிநாடு போய்த் திரும்பக்கூடும். ஆகவே சோதித்துப் பாருங்கள்:

1. நிறுவனத்தின் தளத்தில், இணைப்பைச் சோதிக்க உதவும் ‘லுக்கிங் கிளாஸ்’ பக்கத்தையோ சோதனை ஐபி முகவரியையோ தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள்.
2. வீட்டு யூனிஃபை அல்லது டைம் இணைப்பிலிருந்து, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் ‘பிங்’ கட்டளையை நூறு முறை அனுப்புங்கள். சராசரியோடு, தொலைந்த பொட்டலங்கள் எத்தனை என்றும் குறியுங்கள்.
3. ‘எம்டிஆர்’ கட்டளையால் பாதையைப் பாருங்கள். நடுவில் ஹாங்காங், டோக்கியோ என்று பெயர்கள் வந்தால் சுற்றுப்பாதை.
4. இதையே கைப்பேசித் தரவில் செய்யுங்கள். உங்கள் வாடிக்கையாளரில் பலர் அந்த வழியில்தான் வருகிறார்கள்.
5. காலை 10 மணிக்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை. இரவு எண்தான் கணக்கு.

படி 5: நிறுவனத்தை விசாரியுங்கள்

2019 டிசம்பர் 7, சனிக்கிழமை. இருபதுக்கு மேற்பட்ட மலிவு விபிஎஸ் விற்பனையாளர்கள் கிட்டத்தட்ட ஒரே வாசகத்தில் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பினார்கள்: திங்கட்கிழமையோடு மூடுகிறோம், தரவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே நாள் அவகாசம். வெவ்வேறு பெயர்களில் விற்றாலும் எல்லாம் ஒரே கையில் இருந்தவை என்று வாடிக்கையாளர்கள் சந்தேகித்தார்கள். ஆக, இரண்டு கடைகளில் வாங்கினேன், பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைத்தவர்களுக்கும் அது உதவவில்லை.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை:

- டொமைன் எப்போது பதிவானது? ‘பத்தாண்டு அனுபவம்’ என்கிற நிறுவனத்தின் டொமைன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தால் விலகுங்கள்.
- பதிவு எண், முகவரி இருக்கிறதா? உள்நாட்டு நிறுவனமென்றால் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் இணையச் சேவையில் தேடலாம்.
- வாங்கும் முன்பே ஒரு கேள்வி அனுப்புங்கள். சனிக்கிழமை இரவு அனுப்பினால் இன்னும் நல்லது. எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு பொறுப்பாகப் பதில் வருகிறது என்பது வாங்கிய பின் கிடைக்கப்போகும் ஆதரவைச் சொல்லிவிடும்.
- பணம் திரும்பத் தரும் நாள் எத்தனை? சலுகைத் திட்டங்களுக்கு அது பொருந்துமா? பலர் சலுகைக்கு விலக்கு வைத்திருப்பார்கள்.
- கிரிப்டோவில் மட்டுமே பணம் வாங்குகிறார்களா? அப்படியானால் தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழியில்லை.

எச்சரிக்கை: இணையச் சந்தைகளில் தனிநபர்கள் ‘பெரிய கிளவுட் நிறுவனத்தின் கணக்கு, ஒரு வருடம், 30 ரிங்கிட்’ என்று விற்பதை வாங்கவே கூடாது. கணக்கு வேறொருவர் பெயரில் இருக்கிறது. அவர் நினைத்த நேரத்தில் பறிக்கலாம், நிறுவனமும் முடக்கலாம்.

படி 6: முதல் மூன்று நாள் சோதனை

பணம் திரும்பப் பெறும் காலம் முடிவதற்குள், சர்வர் காலியாக இருக்கும்போதே செய்யுங்கள்.

1. கேட்டது வந்ததா? ‘ஃப்ரீ’ கட்டளை நினைவகத்தையும் ‘எல்எஸ்சிபியு’ செயலியையும் ‘டிஎஃப்’ வட்டையும் காட்டும். 1 ஜிபி என்று வாங்கியது சற்றுக் குறைவாகத் தெரிவது இயல்பு. பாதி தெரிந்தால் உடனே புகார் செய்யுங்கள்.

2. அண்டைவீட்டார் எப்படி? ‘டாப்’ கட்டளையின் திரையில் ‘எஸ்டி’ என்ற குறிக்குப் பக்கத்தில் ஓர் எண் வரும். உங்கள் சர்வர் வேலைசெய்யத் தயாராக இருந்தும், மற்ற வாடகைதாரர்களால் செயலிக்காகக் காத்திருந்த நேரத்தின் விழுக்காடு அது. அடுக்குமாடியில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல்மாடியில் தண்ணீர் நூலாக வருவதுபோல. எண் 0 அல்லது 1 என்றால் நல்லது. மாலைதோறும் 5ஐத் தாண்டினால் கடை நடத்தும் தளத்துக்கு ஆகாது. 10ஐத் தாண்டி நின்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அந்த இயந்திரத்தில் தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கிறார்கள்.

3. வட்டு: ‘டிடி’ கட்டளை தரும் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். தொடர்ச்சியாக எழுதும் வேகத்தைத்தான் அது காட்டும். இடையில் உள்ள தற்காலிக நினைவகமும் ஏமாற்றும். தரவுத்தளம் சிறுசிறு துண்டுகளாக இங்குமங்கும் படிக்கும். ‘எஃப்ஐஓ’ கருவியில் 4 கிலோபைட் துண்டுகளாகச் சோதியுங்கள். என்விஎம்இ வட்டு என்று விற்றுவிட்டு வினாடிக்குச் சில நூறு செயல்களே கிடைத்தால், அது பழைய சுழல்வட்டின் வேகம்.

4. முகவரியின் நடத்தை: உங்களுக்குக் கிடைத்த ஐபியை முன்பு ஒரு குப்பை அஞ்சல்காரர் வைத்திருந்திருக்கலாம். அப்படிப்பட்ட முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் தேடுங்கள். பட்டியலில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சுத்தமான முகவரியாக இருந்தாலும், கடையின் மின்னஞ்சலை இந்தச் சர்வரிலிருந்து அனுப்பாதீர்கள். மின்னஞ்சல் வெளியே போகும் 25ஆம் வாசலை (போர்ட்) பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும். மின்னஞ்சலுக்குத் தனிச் சேவை எடுங்கள்.

கவனம்: செயலியை மணிக்கணக்கில் முழுவேகத்தில் ஓட்டிச் சோதிக்காதீர்கள். நியாயப் பயன்பாட்டு விதியைக் காட்டி உங்கள் சர்வரையே நிறுத்திவிடுவார்கள். சில நிமிடச் சோதனையை வெவ்வேறு நேரங்களில் செய்தால் போதும்.

படி 7: பூட்டுங்கள்

பொதுமுகவரி கிடைத்த சில நிமிடங்களுக்குள் கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் உங்கள் கதவைத் தட்டத் தொடங்கும். வரிசை மாறாமல் செய்யுங்கள்:

1. இயக்குதளம்: ஆதரவு உள்ள டெபியன் அல்லது உபுண்டு நீள்ஆதரவுப் பதிப்பு. சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. நிறுவனம் தரும் பட்டியலில் இருந்தாலும் தேர்ந்தெடுக்காதீர்கள்.
2. எல்லாவற்றையும் புதுப்பித்து, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக நிறுவப்படும்படி வையுங்கள்.
3. புதிய பயனர் ஒருவரை உருவாக்கி, தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியை ஏற்றுங்கள். இன்னொரு சாளரத்தில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முதல் சாளரத்தை மூடாதீர்கள்.
4. நுழைய முடிந்த பிறகே கடவுச்சொல் நுழைவையும் ரூட் நுழைவையும் நிறுத்துங்கள்.
5. ஃபயர்வாலில் முதலில் எஸ்எஸ்ஹெச் வாசலை அனுமதித்துவிட்டு, பிறகு அதை இயக்குங்கள். வரிசையை மாற்றினால் நீங்களே வெளியே நிற்பீர்கள். அப்படி ஆனால் நிறுவனத்தின் வலைக் கன்சோல் வழியாக உள்ளே போகலாம். அது வேலைசெய்கிறதா என்று முன்பே பார்த்துவையுங்கள்.

டாக்கர் பயன்படுத்துகிறவர்கள் கூடுதலாக ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். டாக்கரில் திறக்கும் வாசல்கள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டி வெளியுலகுக்குத் திறந்துவிடும். தரவுத்தளத்தை உள்முகவரியில் மட்டும் கட்டுங்கள்.

கட்டுப்பாட்டுப் பலகை வேண்டுமென்றால் விலையையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பாருங்கள். சிபேனல் 2019இல் கணக்கு எண்ணிக்கைப்படி கட்டண முறைக்கு மாறியதிலிருந்து, அதன் உரிமம் பல மலிவு சர்வர்களின் வாடகையைவிட அதிகம். இலவசப் பலகைகள் உண்டு. ஆனால் 2024 அக்டோபரில் சைபர்பேனலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான சர்வர்களின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். எந்தப் பலகையானாலும் அதன் நுழைவு வாசலை உங்கள் சொந்த இணைப்புக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

படி 8: வெளியேறும் கதவு

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுதாக அழிந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது. மலிவுக் கடை என்று யாரும் ஒதுக்க முடியாது. காப்புநகலும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

1. நிறுவனம் எடுக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ வசதிக்கானது. உங்கள் காப்புநகல் வேறொரு நிறுவனத்தில் இருக்க வேண்டும்.
2. தரவுத்தளத்தைத் தினமும் ஏற்றுமதி செய்யுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் சிதைந்த நிலையில் பதிவாகலாம்.
3. நகலைக் குறியாக்கம் செய்து அனுப்புங்கள். ‘ரெஸ்டிக்’ போன்ற இலவசக் கருவிகள் இதைச் செய்யும். கடவுச்சொல்லைச் சர்வரில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.
4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு புது சர்வரில் நகலிலிருந்து தளத்தை எழுப்பிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் எழுந்தால் நீங்கள் சுதந்திரமானவர். எழுப்பிப் பார்க்காத நகலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.
5. டொமைனைச் சர்வர் நிறுவனத்திடம் வாங்காதீர்கள். இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். சர்வர் போனால் மாற்றிக்கொள்ளலாம். டொமைன் அவர்களிடம் சிக்கினால் கடையின் பெயரே சிக்கிவிடும். சர்வர் மாறுவதற்கு முந்தைய நாள், புது முகவரி விரைவில் பரவும்படி டிஎன்எஸ் பதிவின் ‘டிடிஎல்’ அளவை 300 வினாடிக்குக் குறையுங்கள்.

வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சர்வரில் இருந்தால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2025 ஜூன் 1 முதல், கடும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். சர்வர் மலிவானது என்பது விலக்கு ஆகாது. தேவையில்லாத அடையாள அட்டை எண்களைச் சேர்க்காமல் இருப்பதே நல்ல பாதுகாப்பு.

கணக்கு யார் பெயரில்?

நம் சங்கங்களிலும் கோவில்களிலும் இதைப் பேசியே ஆக வேண்டும். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தன் சொந்த மின்னஞ்சலில், தன் சொந்த வங்கி அட்டையில் சர்வர் எடுத்துத் தருவார். மூன்று வருடம் கழித்து அவர் வேலைக்காக ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போவார்; நிர்வாகம் மாறும்; அட்டை காலாவதியாகும். பணம் வராத சர்வர் சில நாளில் அழிக்கப்படும். பத்து வருடத் திருவிழாப் படங்களும் ஆண்டறிக்கைகளும் அதோடு போகும். அந்த இளைஞர்மீது குற்றமில்லை. பொறுப்பை முறைப்படி வாங்கிக்கொள்ளாத அமைப்பின் குறை அது. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், இருவருக்குத் தெரிந்த கடவுச்சொல், புதுப்பிப்பு நாள் குறித்த ஒரு தாள் சங்கக் கோப்பில். இதை ஒரு கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றிவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

முதல்முறை வாங்குகிறவருக்கு என் பரிந்துரை: சிங்கப்பூரில் உள்ள, அல்லது இரவுச் சோதனையில் தேறிய உள்நாட்டு, கேவிஎம் சர்வர், 2 ஜிபி நினைவகம், தனி ஐபிவி4, மாதக் கட்டணம். ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால் அதே நிறுவனத்தில் வருடக் கட்டணத்துக்கு மாறிக் கழிவைப் பெறுங்கள். மூன்று வருட முன்பணம் எந்த நிறுவனத்துக்கும் வேண்டாம். நவம்பரில் வரும் வருடச் சலுகைகளை இரண்டாவது சர்வருக்கு வைத்துக்கொள்ளுங்கள்: குறியாக்கிய காப்புநகலின் இன்னொரு பிரதிக்கு, புதிய மென்பொருளைச் சோதித்துப் பழகுவதற்கு. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் தளத்தை அதில் ஏற்றாதீர்கள்.